லெக்காஷும் லேகியமும்: பங்காளியா, வெறும் முகஜாடையா?

பட்டாலைக்காரி கேட்டது:

எங்களுக்குத் தேவகோட்டை. மகள் போலந்தில் லூப்ளின் நகரில் மருத்துவம் படிக்கிறாள், இரண்டாம் வருடம். போன வாரம் ஒரு படம் அனுப்பினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கதவு, கதவில் பெயர்ப்பலகை, பெயருக்கு முன்னால் "லெக்." என்று போட்டு ஒரு புள்ளி. அவள் கற்றுக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்சப் போலிஷில் லெக் என்றால் மருந்து. சரி, மருந்து கொடுக்கிற அறை போலிருக்கிறது என்று உள்ளே போய்க் காய்ச்சல் மாத்திரை கேட்டிருக்கிறாள். உட்கார்ந்திருந்தவர் டாக்டர். சிரித்துவிட்டு விளக்கினாராம்: "லெக்." என்பது "லெக்காஷ்" என்பதன் சுருக்கம், லெக்காஷ் என்றால் மருத்துவர், முனைவர் பட்டம் வாங்காதவர்கள் பெயருக்கு முன்னால் இப்படித்தான் போட்டுக்கொள்வார்கள்.

இதை அவள் வீடியோ காலில் சொன்னபோது நாங்கள் இரண்டாம் கட்டில் தீபாவளி லேகியம் கிண்டிக்கொண்டிருந்தோம். அப்பத்தாவுக்கு எண்பத்தாறு வயது. கரண்டி பிடிக்கக் கை ஓயாது, உருளியிலிருந்து கண்ணை எடுக்கவும் மாட்டார்கள். அப்படியே சொன்னார்கள்: "லேகியம் குடுக்கிறவன் லேக்காசு. இதுல என்னத்தா அதிசயம்? நம்ம ஊருலேருந்து போனதுதான்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் மகளோடு அறையில் இருக்கும் உக்ரைன் பெண் தங்கள் ஊரில் லீக்கர் என்கிறாள். ரஷ்யாவில் படிக்கும் காரைக்குடிப் பையன் அங்கே டாக்டர் என்றால் வ்ராச் என்கிறான். பல்கேரியாவில் படிக்கும் இன்னொருத்தி, ஐயோ, வ்ராச் என்று இங்கே சொல்லிவிடாதே, குறி சொல்கிறவன் என்று நினைப்பார்கள் என்கிறாள். எல்லாம் அண்ணன் தம்பி மொழிகள் என்றல்லவா சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பத்தாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

---

திண்ணைத்தமிழன் எழுதியது:

அப்பத்தா சொன்னதுதான் சரி. எல்லாச் சொல்லும் இங்கிருந்து போனதுதான். முடிந்தது கதை.

---

பழைய கீவ் மாணவன் எழுதியது:

ஆச்சி, அப்பத்தாவுக்கு என் வணக்கம். லேகியத்தில் எனக்கும் ஓர் உருண்டை எடுத்து வையுங்கள். ஆனால் இந்த வழக்கில் அப்பத்தா பக்கம் நிற்க முடியவில்லை.

நான் 1982இல் உக்ரைனின் கீவுக்குப் போனவன். முதல் வருடம் மொழி மட்டும், பிறகு ஆறு வருடம் மருத்துவம். இப்போது காரைக்குடியில் சின்னதாக ஒரு கிளினிக். மாலையில் கூட்டம் குறைந்தால் பழைய அகராதிகளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் கல்யாணம் பேசும்போது மூக்கும் முழியும் ஒரே மாதிரி இருக்கிறது, ஆகவே பங்காளி என்று யாராவது முடிவு கட்டுவார்களா? எந்தக் கோயில் என்று கேட்பார்கள், ஒரே கோயில் என்றால்தான் பங்காளி. இளையாத்தங்குடியா, மாத்தூரா, வேலங்குடியா என்று தெரிந்த பிறகுதான் மேலே பேச்சு. முகத்தில் சாயலே இல்லாதவர் பங்காளியாக இருப்பார், அச்சாக ஒரே முகம் உள்ளவர் வேற்றுக் கோயிலாக இருப்பார். சொற்களுக்கும் கோயில் உண்டு. ஒரு மொழியில் இந்த ஒலி இருந்தால் இன்னொன்றில் எந்த ஒலி இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கோயில்.

லேகியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது சமஸ்கிருத லேஹ்யம், நக்கித் தின்பது என்று பொருள். இங்கே வரும் "ஹ" போலிஷ், ரஷ்யன், உக்ரைனியன், பல்கேரியன் எல்லாம் சேர்ந்த ஸ்லாவிய மொழிகளில் "ஸ்" போன்ற ஓர் அதிர்வொலியாக வரும். பனிக்குச் சமஸ்கிருதத்தில் ஹிமம், இமயமலையில் இருப்பதும் அதுதான். ரஷ்யனில் குளிர்காலத்துக்கு ஸிமா. அதே கணக்கில் லேஹ்யத்தின் பங்காளி போலிஷில் "லிஸாச்", அதாவது நக்குவது. உங்கள் மகள் ஐஸ்கிரீம் தின்னும்போது செய்வது. லெக்காஷுக்கும் அதற்கும் கோயில் வேறு.

அப்படியானால் லெக் யார் வீட்டுப் பிள்ளை? ஸ்லாவியர் வீட்டில் பிறந்ததே இல்லை, தத்தெடுத்துக் கூட்டிக்கொண்ட பிள்ளை. கருங்கடலுக்கு வடக்கிலும் தன்யூப் ஆற்றங்கரையிலும் கோத் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் இருந்தார்கள். அவர்கள் மொழியில் மருத்துவனுக்கு லேக்கீஸ். 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற பாதிரியார் பைபிளைக் கோத்திக்கில் எழுதினார், அதிலேயே இந்தச் சொல் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் இருந்த ஸ்லாவியர்கள் ஜெர்மானியரிடமிருந்து வாங்கிக்கொண்ட சாமான்களைப் பாருங்கள்: ரொட்டி, கண்ணாடி, கழுதை, அரசன், "வாங்குதல்" என்ற வினைச்சொல். ரஷ்யனில் இன்றைக்கும் க்லேப் என்றால் ரொட்டி, குப்பீத் என்றால் வாங்கு. நம்மவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி போட்டு உட்கார்ந்த மாதிரி, சந்தை இருந்த இடத்தில் சொல்லும் கைமாறியிருக்கிறது. வைத்தியமும் அந்தச் சந்தைச் சரக்கில் ஒன்று.

கோத்துகளே இதைக் கெல்ட் மக்களிடமிருந்து வாங்கினார்கள் என்று ஒரு கட்சி உண்டு. கெல்ட் மொழியான பழைய ஐரிஷில் மருத்துவனுக்கு லியாய்க் என்று ஒரு சொல் இருப்பதுதான் அவர்கள் காட்டும் சாட்சி. ஜெர்மானியச் சொல்லே பழையது என்று எதிர்க்கட்சியும் உண்டு. அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

இனி லெக்காஷின் உடன்பிறப்பாக ரஷ்யனிலும் பல்கேரியனிலும் வரும் "லேக்கர்" என்பதில் வால் மாதிரி இருக்கும் "அர்". அதுவும் இரவல், லத்தீன் சரக்கு, ஜெர்மானியர் வழியாக வந்தது. ரஷ்யனில் ரொட்டி சுடுகிறவர் பேக்கர், நூலகர் பிப்லியத்தேக்கர், எல்லாவற்றிலும் அதே வால்தான். நாம் பால்காரர், தபால்காரர் என்று சொல்லவில்லையா? அந்தக் "காரரும்" வெளியிலிருந்து வந்தவர்தான். ஆக லேக்கர் என்றால் நம் கணக்கில் மருந்துக்காரர். உங்கள் மகள் மருந்து அறை என்று நினைத்தது பெரிய தப்பு இல்லை, ஒரு "காரர்" குறைந்துபோயிற்று, அவ்வளவுதான்.

பிள்ளை கூட்டிய பிறகு குடும்பம் பெருகியது. போலிஷில் லெக்காஷ், செக்கில் லேக்கர்ஷ், ஸ்லோவாக்கில் லெக்கார், பல்கேரியனிலும் செர்பியனிலும் லேக்கர், உக்ரைனியனில் லீக்கர். இந்த "ஏ", "ஈ" குழப்பம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. மூலத்தில் இருந்த ஓர் உயிரொலி ரஷ்யனில் எ பக்கமும் உக்ரைனியனில் இ பக்கமும் சாய்ந்தது. நாம் இலை என்று எழுதி எலை என்று சொல்கிறோம், இடம் எடமாகிறது. அப்புறம் "லெக்" வினையாகும்போது "லெச்" ஆகிவிடும். மருத்துவம் பார்ப்பதற்கு ரஷ்யனில் லெச்சீத், போலிஷில் லெச்சிச். க எப்படிச் ச ஆகும் என்று கேட்காதீர்கள். கன்னடத்தில் காதுக்குக் கிவி, தமிழில் செவி. நம் வீட்டிலேயே நடந்ததுதான்.

வீடு பிரிந்தால் பாத்திரம் மாறிப் போகும் அல்லவா, அதை நான் பட்டு அனுபவித்தேன். 1986 கோடை விடுமுறையில் நானும் ஒரு மதுரைப் பையனும் ரயிலில் செக் மொழி பேசும் பிராகுக்குப் போனோம். கல் பாவிய தெருவில் அவனுக்குக் கால் பிசகிக் கணுக்கால் கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது. கீவில் ஆஸ்பத்திரிக்கு "லிக்கார்ன்யா". இங்கே ஒரு வாசலில் "லேக்கார்னா" என்று பலகை. அப்பாடா என்று அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு உள்ளே போனால், கண்ணாடி அலமாரி, வெள்ளைக் கோட்டு அம்மா, தராசு. மருந்துக் கடை! செக்கில் ஆஸ்பத்திரிக்கு நெமோட்ஸ்னிட்ஸே, நோயாளி வீடு என்று பொருள்படும் வேறு சொல். அந்த அம்மா ஒரு கட்டுத்துணியும் களிம்பும் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு டிராம் எண்ணைத் தாளில் எழுதியும் கொடுத்தார். குரோஷியாவிலும் ஸ்லோவேனியாவிலும் இதே சொல் மருந்துக் கடைதான். மகளிடம் சொல்லி வையுங்கள், அந்த உக்ரைன் பெண்ணோடு சேர்ந்து பிராகுக்குப் போனால் உதவும்.

ரஷ்யனில் இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் மரியாதை குறைந்துபோயிற்று. மொழி வருடத்தில் அகராதியில் லேக்கர் என்று பார்த்து வைத்துக்கொண்டு, தொண்டை வலிக்குப் போன இடத்தில் அந்த டாக்டரம்மாவை "தோழர் லேக்கர்" என்று கூப்பிட்டேன். செவிலியர்கள் சிரித்த சிரிப்பில் வலியே மறந்துவிட்டது. இங்கே ஒரு எம்.டி. டாக்டரைப் போய் "ஓய் நாட்டு வைத்தியரே" என்று கூப்பிட்டது போல! ஆனால் ஜார் காலத்தில் லேக்கர் என்பது பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம். நாவலாசிரியர் மிகயீல் புல்ககோவ் அதே கீவில் 1916இல் மருத்துவம் முடித்தபோது வாங்கியது "சிறப்புத் தகுதியுடன் லேக்கர்" என்ற பட்டம்தான். இன்றைக்குத் தொழிலுக்குப் பெயர் வ்ராச், கூப்பிடுவது தோக்தர்.

வ்ராச் விஷயத்துக்கு வருகிறேன், அந்தப் பல்கேரியாப் பெண் சொன்னது சரி. வ்ராச் ஸ்லாவியர் வீட்டிலேயே பிறந்த சொல். முணுமுணுப்பது, பேசுவது என்ற வேரிலிருந்து வந்தது என்பதே பலரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம். வேப்பிலை வைத்துக்கொண்டு மந்திரிக்கிறவர், பள்ளிவாசலில் தண்ணீரில் ஓதி ஊதுகிறவர், அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வாயால் குணமாக்குகிறவர். சொல் அப்படியே நிற்க, ஊருக்கு ஊர் நம்பிக்கை மாறிவிட்டது. ரஷ்யாவில் வ்ராச் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டார். பல்கேரியாவிலும் செர்பியாவிலும் மந்திரவாதியாகவே நின்றுவிட்டார், பல்கேரியனில் வ்ராச்கா என்றால் குறி சொல்லும் பெண். வேடிக்கை என்னவென்றால் ரஷ்யனில் அந்த வேரிலிருந்து வந்த "வ்ராத்" என்ற வினைக்கு இன்றைய பொருள் பொய் சொல்வது! டாக்டர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் டாக்டர்தான்.

பல்கேரியாவிலும் ஒரு காலத்தில் வ்ராச்சுக்கு மரியாதை இருந்தது. அங்கே சந்தான்ஸ்கி என்று ஓர் ஊர், 1949 வரை அதன் பெயர் ஸ்வேத்தி வ்ராச், புனித வைத்தியர். காசு வாங்காமல் வைத்தியம் பார்த்ததாகச் சொல்லப்படும் கோஸ்மாஸ், தாமியான் என்ற இரண்டு புனிதர்களின் நினைவாக வைத்த பெயர். லூக்கா 4:23ஐ எடுத்துக்கொண்டால் ஒரே வரிக்குள் மொத்தக் கதையும் இருக்கிறது. தமிழில் "வைத்தியனே, உன்னைத்தானே குணமாக்கிக்கொள்". அந்த வைத்தியன் இருக்கும் இடத்தில் கோத்திக் பைபிளில் லேக்கீஸ், பழைய ஸ்லாவிய பைபிளில் வ்ராச்.

கடைசியாக அப்பத்தாவுக்கு ஒரு சமாதானம். நம் ஊரிலிருந்து போனது என்று சொல்ல முடியாவிட்டாலும் பங்காளி ஒருவர் அங்கே இருக்கிறார். ஆனால் அது லேகியத்துக்கு இல்லை, வைத்தியருக்கு. வைத்தியர் என்ற சொல்லுக்கு வித்யா, வேதம் எல்லாம் வந்த "வித்" என்ற வேர், அறிதல். உங்கள் மகள் வகுப்பில் ஒரு நாளைக்கு நூறு தடவை "நியெ வியெம்" என்று சொல்வாள், தெரியாது என்று அர்த்தம். அந்த வியெம் இதே கோயில். அதிலிருந்து பிறந்த ஆள்தான் போலிஷில் வியெஜ்மா, ரஷ்யனில் வேத்மா. அறிந்தவள் என்பது பழைய பொருள். இன்றைக்கு யாரைச் சொல்வார்கள் என்றால், சூனியக்காரியை.

---

திண்ணைத்தமிழன் எழுதியது:

அய்யா, கிவி செவி ஆகலாம், லேகியம் லெக் ஆகக் கூடாதா?

---

பழைய கீவ் மாணவன் எழுதியது:

ஆகலாம் தம்பி, அதே மாதிரி இன்னும் நாலு சொல் காட்டினால். கிவி, செவிக்குப் பக்கத்தில் கன்னடத்தில் கெம்பு, தமிழில் செம்மை என்று வரிசையாக ஆட்கள் நிற்கிறார்கள். லேகியம் தனி ஆளாக வந்து பந்தியில் உட்கார்ந்தால் எப்படி?

---

கண்டந்திப்பிலி எழுதியது:

நான் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் சார், ஒரு சந்தேகம். ஆங்கிலத்தில் அட்டைப் பூச்சிக்கு லீச் என்கிறார்கள். எங்கள் தாத்தா காலத்தில் கெட்ட ரத்தத்துக்கு அட்டை விடுவார்கள். வீட்டில் மண்சட்டியில் அட்டை இருக்கும், கடித்துக்கொண்டு விடாவிட்டால் மேலே மஞ்சள்பொடி தூவினால் விழுந்துவிடும். அந்த லீச்சும் இந்த லேக்கீஸும் ஒன்றா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லுக்கு மரியாதை குறைகிறது என்றீர்கள். நம் ஊரில் முடி திருத்துகிற குடும்பத்தார்தான் கட்டியைக் கீறி மருந்து வைப்பார்கள், அந்த வீட்டு அம்மாதான் மருத்துவச்சி, பிரசவம் பார்ப்பவர். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அந்த அம்மா கையில் பிறந்தவர்கள். பிறகு ஆஸ்பத்திரி வந்ததும் மருத்துவர் என்ற பெயர் மட்டும் பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டது, அந்த அம்மாவுக்கு ஒரு பழஞ்சேலைகூட மிச்சமில்லை.

---

பழைய கீவ் மாணவன் எழுதியது:

பழைய ஆங்கிலத்தில் லேச்செ என்றால் மருத்துவன். லேக்கீஸின் உடன்பிறப்பு, சந்தேகமே இல்லை. பூச்சியின் பெயர் வேறு சொல்லாகத் தொடங்கி, மருத்துவர் கையில் எப்போதும் அட்டை இருந்ததால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டது என்பார்கள். முடிவில் ஆங்கிலத்தில் பூச்சி ஜெயித்தது, மருத்துவர் லத்தீன் பெயர் தேடிப் போய்விட்டார்.

மருத்துவச்சி பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் ஒரு மருத்துவச்சி கையில் பிறந்தவன்தான், கண்டனூரில்.

---

கானாடுகாத்தான் டூ ஹெல்சிங்கி எழுதியது:

இந்த இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். நான் பின்லாந்தில் வேலை பார்க்கிறேன். இங்கே டாக்டருக்கு லேக்கேரி! லெக்காஷ், லேக்கர், லேக்கேரி. பக்கத்து நாடு ரஷ்யாவிலிருந்துதானே வாங்கியிருப்பார்கள்?

---

பழைய கீவ் மாணவன் எழுதியது:

இதில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். பின்லாந்துக்காரர்கள் வாங்கியது கிழக்கிலிருந்து இல்லை, மேற்கே ஸ்வீடனிலிருந்து. ஸ்வீடிஷில் லேக்கரே, அது ஜெர்மானிய வீட்டுச் சொந்தப் பிள்ளை. ஒரே தாத்தா சொத்து, ஒரு பங்கு கோத்துகள் வழியாகக் கிழக்கே போய் லெக்காஷ் ஆனது, இன்னொரு பங்கு வடக்கே ஸ்வீடன் வழியாக பின்லாந்துக்குப் போய் லேக்கேரி ஆனது. முகமும் ஒன்று, கோயிலும் ஒன்று, வந்த வழி மட்டும் வேறு. பர்மாவுக்குப் போனவரும் மலாயாவுக்குப் போனவரும் ஒரே வளவில் திரும்பி வந்து நிற்பது போல.

தெற்கே ருமேனியாவிலும் ஒரு துண்டு கிடக்கிறது. அது ஸ்லாவிய மொழியே இல்லை, லத்தீன் குடும்பம். ஆனாலும் மருந்துக்கு "லேயாக்" என்று ஒரு சொல்லை ஸ்லாவியர்களிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறார்கள். வ்ராச்சையும் விடவில்லை. நாட்டு வைத்தியர், மந்திரவாதி இரண்டுக்கும் "வ்ராச்".

ரஷ்யனில் நாட்டு வைத்தியருக்கு இன்னொரு பெயர் ஸ்நாகர். அறிவது என்ற பொருளுள்ள ஸ்நாத்திலிருந்து வந்தது, அந்த வேர் நம் "ஞானம்" வந்த வேர்தான். கண்டந்திப்பிலி ஐயா, கடைப் பலகையில் போட்டுக்கொள்ளலாம்.

---

பட்டாலைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் அண்ணன் எழுதியதை முழுதும் நேற்று ராத்திரி அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன், இல்லை. கோயில் வந்த இடத்தில் "ஆமா, அது சரி" என்றார்கள். மருத்துவச்சி வந்த இடத்தில் பேசவில்லை, உள்ளே போய் வெற்றிலைச் செல்லத்தை எடுத்து வந்தார்கள். சூனியக்காரி வந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்ப அங்கெ போயி எம்பேத்தி நான் வைத்தியம் படிக்கேன்னு தமிழ்ல சொல்லிரக் கூடாதாக்கும்" என்று சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

மகளிடம் கேட்டேன். நியெ வியெம் நூறு தடவை இல்லையாம், இருநூறு தடவையாம். அந்த உக்ரைன் பெண்ணுக்கு லேக்கார்னா விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, அவளுடைய அம்மா பிராகில்தான் வேலை பார்க்கிறார்களாம்.

லேகியம் போலந்துக்குப் பார்சலில் போகுமா, போகாதா என்பது தெரிந்தவர்கள் தனியாகச் சொல்லுங்கள். அப்பத்தா ஒரு டப்பா எடுத்து வைத்துவிட்டார்கள். டாக்டர் அண்ணனுக்கு உள்ள உருண்டையும் தனியாக இருக்கிறது, தேவகோட்டைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள்.